அக்காவுக்கு ஒரு மா, தங்கைக்கு நாலு மா

கேள்வி: சட்டமன்றக் கூட்டத்தை டிவியில் பார்த்தால் கூச்சலும் வெளிநடப்பும்தான் தெரிகிறது. கடைசியில் "மசோதா நிறைவேறியது" என்று ஒரு வரி ஓடுகிறது. அதனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் என்ன மாறுகிறது? இன்னொரு சந்தேகம். என் அம்மாவுக்கு 1986இல் கல்யாணம் நடந்தது. தாத்தாவின் பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டால், "1989 சட்டம் உனக்குப் பொருந்தாது" என்கிறார் மாமா. அவர் சொல்வது சரியா?

பதில்:

நீங்கள் இதை இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். காவிரிப் பாசனப் பகுதியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக சிவில் வழக்கு நடத்துகிறேன், அதில் பாதிக்கு மேல் பாகப்பிரிவினை. சட்டமன்றத்தில் எழுதப்படும் ஒரு வரி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை, அந்த வழக்குகளில்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஜூனியராக இருந்தபோது சீனியரிடம் வந்த வழக்கு. அக்கா, தங்கை, தம்பி என்று மூன்று பேர். அம்மா முன்பே இறந்துவிட்டார், அப்பா 1996இல் காலமானார். உயில் எதுவும் எழுதவில்லை. பூர்வீக நஞ்சை ஒன்பது மா. எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், ஆக மூன்று ஏக்கர் நிலம். அக்காவின் கல்யாணம் 1989 தை மாதம். தங்கையின் கல்யாணம் அதே வருடம் ஆவணி. ஏழு மாத இடைவெளி. இரண்டு பேருக்கும் ஒரே அளவு நகை, ஒரே மாதிரி சீர், ஊர்ப் பொதுவில் ஒரே பந்தல்காரர்.

தீர்ப்பு வந்தபோது தம்பிக்கு நாலு மா, தங்கைக்கு நாலு மா, அக்காவுக்கு ஒரு மா.

கணக்கு இப்படி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989ஆம் ஆண்டுத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்காளி என்றது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு இது கிடையாது. அந்த நாள் 1989 மார்ச் 25. அன்றைக்குத் தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அப்பா, தம்பி, தங்கை மூன்று பேரும் பங்காளிகள், ஆளுக்கு மூன்று மா. அப்பா இறந்ததும் அவருடைய மூன்று மா மட்டும் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகப் பிரிந்தது, ஆளுக்கு ஒரு மா. அக்காவுக்குக் கிடைத்தது அந்த ஒன்று மட்டும்தான்.

கல்யாணத் தேதியை நிரூபிக்க அக்காவின் கல்யாணப் பத்திரிகையைத்தான் கோர்ட்டில் ஆவணமாகக் குறித்தார்கள். மூலையில் தடவிய மஞ்சள் பழுப்பேறிப் போயிருந்தது. மேலே பிள்ளையார் சுழி, அதை ஒட்டியே கோர்ட் முத்திரை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வராந்தாவில் என்னிடம் கேட்டார்: "ரெண்டு மாசம் தள்ளி முகூர்த்தம் வெச்சிருந்தா எனக்கும் நாலு மா வந்திருக்குமா தம்பி?" கணக்கு அப்போது வேறு மாதிரி ஆகியிருக்கும், ஆளுக்கு மூன்று மா வந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது கணக்கை இல்லையே. ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். 1989 மார்ச் 25 என்று சொன்னால், வயதான அரசியல் ஆர்வலர்கள் எல்லோருக்கும் உடனே வேறு ஒன்று நினைவுக்கு வரும். அன்றுதான் முதலமைச்சர் கருணாநிதி நிதிநிலை அறிக்கை வாசிக்க எழுந்தபோது அவையில் மோதல் வெடித்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தலைமுடி கலைந்த நிலையில் வெளியே வந்தார். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய நாள் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். அந்த நாளின் கூச்சல் முப்பத்தைந்து வருடம் தாண்டியும் அடங்கவில்லை. ஆனால் எங்கள் கோர்ட்டில் 25.3.1989 என்றால் அது சொத்துக் கோடு. அந்தப் பக்கம் கல்யாணமான பெண், இந்தப் பக்கம் கல்யாணமான பெண். லட்சக்கணக்கான வீடுகளில் விழுந்த கோடு. எது தலைப்புச் செய்தியானது, எது வீட்டுக்குள் வந்தது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சொத்து வாரிசுரிமை என்பது அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஏற்கனவே மத்தியச் சட்டம் இருக்கும் விஷயத்தில் மாநிலம் அதற்கு மாறாக ஒரு சட்டம் செய்தால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால்தான் அது இங்கே நிற்கும். அந்த நடைமுறையெல்லாம் முடிந்து இது 1990ஆம் ஆண்டின் முதல் எண் சட்டமாக வந்தது. ஆனால் நடைமுறைக்கு வந்த நாள் 1989 மார்ச் 25 என்று பின்தேதியிட்டு எழுதப்பட்டது. அதாவது தங்கையின் கழுத்தில் ஆவணியில் தாலி ஏறியபோது, அந்தப் பந்தலில் இருந்த யாருக்கும், மணமகள் உட்பட, அவருக்குச் சொத்தில் பங்கு வந்துவிட்டது என்று தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1989 திருத்தம் பெரிய சட்டம். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. மத்திய அரசு இதே காரியத்தைச் செய்ய அதற்கு மேலும் பதினாறு வருடம் எடுத்துக்கொண்டது. தங்கைக்குக் கிடைத்த நாலு மா அந்தச் சட்டம் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது. ஆனால் அந்த விலக்கு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு ஊரில் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: சீர் செய்து அனுப்பியாயிற்று, அந்தக் கணக்கை மறுபடி திறக்கக் கூடாது. சீர் மாமியார் வீட்டுக்குப் போன பொருள், நிலம் பிறந்த வீட்டில் இருக்கும் உரிமை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது அக்காக்களுக்குச் செய்த அநியாயம்.

பின்னோக்கிப் போகும் சட்டம் எழுதவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே மன்றம் 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அதற்கு முன்பு 1950களில் அப்படி நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடைக்குமா என்ற கவலை உண்மையிலேயே இருந்தது. 1967 திருத்தம் இனி நடக்கும் திருமணங்களோடு நிற்கவில்லை, ஏற்கனவே நடந்தவையும் செல்லும் என்று எழுதியது. அந்த ஒரு வாசகம் எத்தனையோ குடும்பங்களை ஒரே நாளில் சட்டத்துக்கு உள்ளே கொண்டுவந்தது. பின்னோக்கிப் போகலாமா, எதுவரை போகலாம் என்பதை அவை உட்கார்ந்து முடிவு செய்கிறது. 1967இல் பழையவர்களையும் சேர்த்தார்கள், 1989இல் விட்டுவிட்டார்கள்.

அதனால்தான் யாராவது மசோதாவைப் பற்றிக் கேட்டால் நான் பேச்சைப் பார்க்கச் சொல்வதில்லை. சட்டமுன்வடிவை எடுத்து முதல் பிரிவைப் பாருங்கள், எந்த நாளில் நடைமுறைக்கு வருகிறது என்று அங்கேதான் இருக்கும். சில சட்டங்களில் "அரசு அறிவிக்கை செய்யும் நாளில்" என்று இருக்கும். அப்படி இருந்தால் நிறைவேறிய பிறகும் அது அலமாரியில் காத்திருக்கலாம். அப்புறம் "ஆனால்", "பொருந்தாது" என்று வரும் காப்புரைகளை, அதாவது விலக்கு சொல்லும் வரிகளைப் படியுங்கள். அக்காவின் இரண்டு மா அப்படி ஒரு காப்புரையில்தான் போயிற்று.

நிறைவேறிய நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் நடுவில் மக்களுக்கு ஒரு சந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்திய அனுபவமும் நமக்கு உண்டு. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளுக்கு வேலை நேரக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்பினால் நாலு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அரசுத் தரப்பு விளக்கியது. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் என்னவென்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். வேலை நேரத்தோடு போக வர இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகும். மிச்சத்தில் சமைத்து, தூங்கி, பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்று நாளில் மசோதாவை நிறுத்தி வைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நிறைவேறிய ஒன்று பத்தே நாளில் இல்லாமல் போனது.

அதே ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் நிறைவேறியது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்கு எடுக்கும் நிலத்துக்குள் ஏரியோ வாய்க்காலோ ஓடையோ இருந்தால், அந்த இடத்தையும் திட்டத்தோடு சேர்த்து ஒப்படைக்க வழி செய்யும் சட்டம் அது. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. விவசாய சங்கங்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், ஆனால் அந்த வாரம் ஊரே பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம், கடைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் வர அந்த வாய்க்கால்தானே வழி. அவர் திட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறார், அவரை யார் கேட்பார்கள்? பாசனப் பகுதியில் வாழும் எனக்கு இது சட்டப் புத்தக விஷயம் இல்லை. ஒரே நாளில், ஒரே மன்றத்தில் பிறந்த இரண்டு மசோதாக்கள். மக்கள் கவனித்தது திரும்பிப் போனது, கவனிக்காதது சட்டமானது.

இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1986இல் மேலவை கலைக்கப்பட்டதிலிருந்து நமக்கு ஒரே அவைதான். 234 பேர் உள்ள அந்த ஒரே அவையில் காலையில் எடுத்துக்கொண்ட மசோதா மதியத்துக்குள் முடிந்துவிடலாம். நின்று யோசிக்க இரண்டாவது இடம் கிடையாது. அதற்குப் பிறகு இருப்பது பெரும்பாலும் ஆளுநர் ஒப்புதல் மட்டும். அங்கே தாமதம் ஆனால் யாருக்கு வலிக்கும் என்பதை 2020இல் பார்த்தோம். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா செப்டம்பர் 15 அன்று நிறைவேறியும் ஒப்புதல் வரவில்லை. கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று அரசு அதையே அரசாணையாக வெளியிட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் வந்தது. அந்த ஒன்றரை மாதமும் பிளஸ் டூ முடித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளின் நாட்கள் அவை.

அரசாணை என்று சொன்னதால் இதையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் தினமும் உணரும் பல விஷயங்கள் சட்டமே இல்லை. பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம் 2021 மே 7 அன்று புதிய முதலமைச்சர் போட்ட கையெழுத்தில் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் திட்டமாகத்தான் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் ஆணையால் வந்ததை இன்னொரு ஆணையால் மாற்றலாம். தங்கையின் நாலு மாவை எந்த ஆணையாலும் பிடுங்க முடியாது.

சட்டமே வந்தாலும் அதை அமல்படுத்த ஆள் வேண்டும். 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! போன தீபாவளிக்கு முன் ஒரு கடைக்குப் போனேன். மூன்று ஸ்டூல்கள் இருந்தன, மூன்றின் மேலும் புடவைக் கட்டு அடுக்கியிருந்தது. சேலை எடுத்துக் காட்டிய பெண்ணிடம் உட்காருங்கள் என்றேன். மேல் கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டு அடுத்த சேலையை விரித்தார். அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியுமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதற்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், புகார் கொடுக்கலாம். வாடிக்கையாளர்களாகிய நாமும் கொடுக்கலாம்.

சரி, இப்போது உங்கள் மாமா.

அவர் சொன்னது பாதி சரி. 1986இல் கல்யாணமான உங்கள் அம்மாவுக்கு 1989 மாநிலத் திருத்தம் பொருந்தாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதில் கல்யாணத் தேதிக் கோடே கிடையாது. எப்போது கல்யாணமானாலும் மகள் மகளே, பிறப்பால் பங்காளியே. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருடம் ஓடியது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று விநீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது. ஆனால் இங்கேயும் ஒரு தேதி இருக்கிறது: 2004 டிசம்பர் 20. அதற்கு முன்பே பதிவு செய்த பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால், அல்லது நிலம் விற்கப்பட்டிருந்தால், அதைத் திறக்க முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் மட்டும் கோர்ட் லேசில் ஏற்காது.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் அக்கா எனக்கு போன் செய்தார். டிவியில் பார்த்தாராம். ஊரடங்கு நேரம், நேரில் வர முடியவில்லை. அவர் வழக்கு 2002இல் இறுதித் தீர்ப்பாகி, சர்வேயர் அளந்து, கல் நட்டு, 2003இல் சுவாதீனமும் எடுத்தாகிவிட்டது. 2004 டிசம்பருக்கு முன்பே எல்லாம் முடிந்த கணக்கு. வழக்கு இழுத்துக்கொண்டே போயிருந்தால் அவருக்கு மூன்று மா கிடைத்திருக்கும். அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டார், சொன்னேன்.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் கதவு திறந்திருக்கலாம். முதலில் தாத்தா பெயரிலுள்ள சர்வே எண்களுக்குப் பழைய வருடங்களிலிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 20.12.2004க்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரமோ கிரயமோ பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அம்மாவிடம் எப்போதாவது கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள், முக்கியமாக, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம். பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி வாங்கியிருப்பார்கள், அவருக்கு நினைவே இருக்காது. நிலம் பூர்வீகமா, தாத்தா சொந்தமாக வாங்கியதா என்று மூலப் பத்திரத்தில் பாருங்கள். சொந்தமாக வாங்கியது, உயிலும் இல்லை என்றால் 1989, 2005 எதுவுமே தேவையில்லை, 1956 சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு உண்டு. இந்தக் காகிதங்களோடு உங்கள் ஊரில் ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். மாமா சமாதானமாகப் பேச வந்தால் பேசுங்கள், ஆனால் அது முடியும் வரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.